அக்காவின் ஃபில்டர்

தாடி வச்சவங்களுக்கு மாஸ்க் சரியா உட்காராது மேடம். ஓரத்துல காத்து புகுந்துடும். அதனால எங்க மருந்து கம்பெனி பொடி ரூம்ல யாரும் தாடி வைக்கக் கூடாதுன்னு நான்தான் கண்டிஷன் போட்டேன். காதல் தோல்வின்னு ஒருத்தன் தாடியோட வந்து நின்னான். 'சோகத்தை மனசுல வச்சுக்கப்பா, மூஞ்சியில வேண்டாம்'னு ஷேவ் பண்ண அனுப்பிட்டேன். எனக்கு அங்க 'மாஸ்க் வாத்தியார்'னு பேரு. பதினோரு வருஷமா பாதுகாப்பு ஆபீசரா இருக்கேன். ஒரு விபத்து கிடையாது, ரெக்கார்டைப் பார்த்துக்கலாம்.

நாங்க தயாரிக்கிறது தூக்க மருந்துக்கான மூலப்பொருள். பார்பிட்யூரேட்னு சொல்வாங்க. மைதா மாவு மாதிரி வெள்ளையா, நைசா இருக்கும். காஞ்ச துடைப்பத்தால கூட்டக் கூடாது, ஈரத்துணியாலதான் துடைக்கணும். வேலை உடுப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. தொடர்ந்து மூச்சுல போனா முதல்ல அசதி, அப்புறம் நாக்கு குழறும், நடை தள்ளாடும். உடம்பு பழகிட்டா அது இன்னும் பெரிய தலைவலி. பொடி உள்ள போறது திடீர்னு நின்னா கை நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்வேன்.

என்னை வளர்த்தது அக்காதான். அம்மா போனப்ப எனக்கு ஆறு வயசு. மாமா வேற குடும்பம் தேடிக்கிட்டுப் போனதும் அக்காவும் பாப்பாவும் என்னோடவே வந்துட்டாங்க. எனக்கு லீவுன்னா பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. ஒருநாள் லேட்டாயிடுச்சு. பாப்பா வாசல்ல நின்னு நின்னு பார்த்துட்டு, தானே ரோட்டைத் தாண்டியிருக்கா. லாரி. ரெண்டாம் வகுப்பு மேடம். முன்பல் ரெண்டும் விழுந்து இன்னும் முளைக்கலை.

வண்டி பஞ்சர்னு அக்காகிட்ட சொன்னேன்.

அதுக்கப்புறம் அக்கா தூங்கவே இல்லை. 'எந்தக் கடையில ஒட்டின?'ம்பா. சொல்வேன். கொஞ்ச நேரம் கழிச்சு, 'முன் டயரா, பின் டயரா?' திட்டினதே இல்லை. நாலு அறை விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சாப்பாடு போட்டுக்கிட்டே கேட்பா, துணி மடிச்சுக்கிட்டே கேட்பா. எட்டு மாசம் இப்படியே போச்சு. அவ முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமா இருந்துச்சு.

நாலு பேரோட பழகினா மனசு மாறும்னு நான்தான் பொடி ரூம்ல சேர்த்துவிட்டேன். ரெண்டாவது மாசம் ஒரு சாயங்காலம், வேலை முடிஞ்சு வந்தவ கையில பையோட நாற்காலியிலேயே தூங்கிட்டா. எனக்கு அழுகையா வந்துச்சு. மறுநாள் அவ மாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். ஃபில்டர் தேதி முடிஞ்சு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. மறந்துட்டேன் மேடம், அந்தத் தடவை நிஜமாவே மறந்துட்டேன். புதுசு என் கையிலதான் இருந்துச்சு. திரும்ப அலமாரியில வச்சுட்டேன்.

அப்புறம் மாசாமாசம் எல்லாருக்கும் ஃபில்டர் மாத்துவேன். அக்காவோடதை மட்டும் வெளிப்பக்கம் துடைச்சுட்டுப் புதுத் தேதி எழுதுவேன்.

அக்கா நல்லாத் தூங்கினா. பேச்சு கொஞ்சம் குழறுச்சு. சமையல்ல ரெண்டு தடவை உப்பு விழுந்துச்சு. வாசப்படி தடுக்கினா கையைப் பிடிச்சுக்குவேன். கூட வேலை செய்றவங்க, 'பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவ'ன்னு விட்டுட்டாங்க. பஞ்சர் பேச்சே இல்லை. ஒருநாள் பாப்பா போட்டோவைக் காட்டி, 'இது யாருடா, நம்ம அம்மா சின்னப் பிள்ளையில எடுத்ததா?'ன்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். நிம்மதியாத் தலையாட்டிட்டுப் படுக்கப் போயிட்டா.

போன வாரம் இன்ஸ்பெக்‌ஷன்னு லெட்டர் வந்துச்சு. மாஸ்க்கையெல்லாம் பிரிச்சுப் பார்ப்பாங்க. அக்காவுக்குப் புது ஃபில்டர் போட்டு, நானே இறுக்கி மாட்டிவிட்டேன். ஒரு தூசி உள்ள போகாது.

மூணாம் நாள் காலையில நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். அக்கா வந்து எதிர்ல உட்கார்ந்தா. கை நடுங்கி டம்ளர் மேஜையில தடதடன்னுச்சு. ஆனா கண்ணு தெளிவா இருந்துச்சு.

"டேய், அன்னைக்கு மத்தியானம் உன் வண்டி நம்ம வாசல்லயேதான் நின்னுச்சாம். பக்கத்து வீட்ல அப்பவே சொல்லிட்டாங்க. நீயா சொல்லுவன்னு பார்த்தேன்டா."

நான் டீயை ஆத்திக்கிட்டே இருந்தேன்.

"சொல்லுடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தேன், அசந்துட்டேன். அவ்வளவுதான் மேடம். போலீஸ்னாலும் உங்ககிட்ட எவ்வளவு சுலபமா வருது பாருங்க. அவகிட்ட வரலை. நான் டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தப்ப அவ நாற்காலியோட சரிஞ்சா. வலிப்பு. கம்பெனி டாக்டர் நம்பர்தான் என் போன்ல முதல் நம்பர். கூப்பிட்டா பத்து நிமிஷத்துல வந்துடுவார். நான் அக்காவை ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன், அதுதான் முறை. வாயைத் துடைச்சுவிட்டேன். போனைக் கையில எடுத்தேன். எழுந்தா மறுபடி அதைத்தானே கேட்பான்னு தோணுச்சு. திரும்பப் பையில போட்டுட்டேன்.

கொஞ்ச நேரத்துல உடம்பு அடங்கிடுச்சு. அசந்து தூங்குறவளை எழுப்ப மனசு வரலை. போர்வையைப் போர்த்திட்டு, சத்தம் வராம கதவைச் சாத்திட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அன்னைக்குத்தான் இன்ஸ்பெக்‌ஷன். அக்காவோட மாஸ்க்கையும் பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம் மேடம், வீட்டுக்குப் போனதும் முதல்ல அக்காகிட்ட சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.