அலமாரிக் கால் கிண்ணங்கள்

காப்பி நன்றாக இருந்தது, ஐயா. இன்னொரு தம்ளர் கிடைத்தாலும் குடிப்பேன். இந்த வெயிலில் தொண்டை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

அறுபத்திரண்டாம் வருஷம் மல்லாங்கிணறு சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு நான் மேட்ரனாக வந்தபோது வேலைக்கு நான்கு பெண்கள் இருந்தார்கள். தீபாவளி ஆர்டர் குவிந்த சீசனில் மூன்று பேர் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலி அதிகம்; குறை சொல்ல மாட்டேன். ராக்காயி மட்டும் நின்றாள். கூடம் நிறைய எழுந்து நடக்க முடியாத கிழவர்கள், கிழவிகள். நாங்கள் இருவரும் அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, நனைந்த படுக்கைகளையும் அலசிப் போட வேண்டும். கிணறோ அடிமண் தெரிய வற்றிக் கிடந்தது.

கமிட்டிச் செயலாளர் நேசகுமார் மேற்பார்வைக்கு வந்தார். வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இன்னும் ஆள் வேண்டும் என்றேன்.

“ஆளுக்கு எங்கம்மா போறது? இருக்கிறவங்கள வச்சு நடத்துறதுதான் நிர்வாகம். அடுத்த தடவையும் இந்த வாடை அடிச்சா வேற மேட்ரனைத்தான் பாக்கணும்.”

யோசித்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும். மதியக் கஞ்சிக்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். பானைகளைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். படுக்கைகள் நனைவது குறைந்தது. பிறகு காலையிலும் குறைத்தேன்.

வெள்ளைத்தாய் என்று ஒரு கிழவி. “நாக்கு ஒட்டுது தாயி, ஒரு வாய் தாங்க” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் கேட்பதை விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரமே இறந்துபோனாள். வயதும் வெயிலும்தான் காரணம் என்றார் டாக்டர். அவளுக்குப் பின் இன்னும் சிலர் போனார்கள். டாக்டர் அதையேதான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

ராக்காயி தன் முந்தானையை எங்கோ நனைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வாயிலும் பிழிந்துவிடுவதைப் பார்த்தேன்.

“நாளைக்கு இதையெல்லாம் யாரு தொவைக்கிறது?” என்று கேட்டேன்.

“நானே தொவைச்சுப் போடுறேம்மா. இல்லாட்டி செத்துப் போவாக.”

ஒழுங்கு இல்லாமல் ஓர் இல்லத்தை நடத்த முடியாது. அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டேன்.

நேசகுமார் மறுபடியும் வந்தார். கட்டில் கட்டிலாகத் தடவிப் பார்த்தார். “சத்தமும் இல்ல, வாடையும் இல்ல. இசபெல் அம்மா, இதுதான் நிர்வாகம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் ஒரே ஒரு படுக்கை நனைந்துகொண்டிருந்தது. சுந்தரபாண்டியின் படுக்கை. காரியாபட்டிப் பக்கத்தில் நிலம் உழுத சம்சாரி. இரண்டு கண்ணும் தெரியாது. சாப்பாட்டு அலமாரியில் எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தோம். அவர் தவழ்ந்து போய் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். உதட்டில் செத்த எறும்புகள் ஒட்டியிருந்தன.

மறுநாள் காலை கிண்ணங்களைக் கழுவினேன். எலிக்கென்று விருதுநகரில் வாங்கிய பாஷாணத்தைக் கரைத்து அவற்றில் ஊற்றினேன். எறும்புக்காகத்தான், ஐயா. சுந்தரபாண்டி பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

“தண்ணியா ஊத்துறீக, தாயி?”

“ஆமா” என்றேன்.

“நல்லா இருப்பீக.”

நான் கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டேன். கொஞ்சம் அதிக நேரம் நின்று போட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு கிண்ணங்கள் காலியாக இருந்தன. அன்று அவரைப் பார்க்க வந்த ராக்காயிதான் மீதி இருந்த கிண்ணங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடி வந்தாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை.

நானும் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை, ஐயா. அவரிடம் சொன்ன அந்த ‘ஆமா’ ஒன்றுதான் பொய். அதற்காக அன்று மாலையே முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனதில் வேறு பாரம் எதுவும் இல்லை.