மே மாதம் கஸ்பாருக்கு

எண்ணூருக்கு ரயிலில் போகிறவர்கள் வலது பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்பது என் அபிப்பிராயம். திருவொற்றியூர் தாண்டியதும் காற்று மாறுவது அந்தப் பக்கம்தான் முதலில் தெரியும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாரியப்பனுக்கும் சொன்னேன். ஸ்டேஷன் ரைட்டர் இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று நினைத்தால் விட்டுவிடலாம். எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, இன்ஸ்பெக்டர் சார்.

என் பெயர் கஸ்பார். வயது நாற்பத்தாறு. வீடு ராயபுரம். துறைமுகத்தில் டாலி கிளார்க், அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்பவன். எண்ணூர் ஓய்வு இல்லச் சங்கத்துக்கு எட்டு வருஷமாக நான்தான் செயலாளர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பிடித்துப் போட்டார்கள்.

அந்த பங்களாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, ஆஸ்திரேலியாவில் இருந்த மகளிடம் போகும் அவசரத்தில், அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அது அறுபத்தொன்றில். நாங்கள் பன்னிரண்டு குடும்பம். துறைமுக குமாஸ்தாக்கள், ரயில்வே கார்டுகள், தண்டையார்பேட்டையில் மொத்த மளிகை வைத்திருக்கும் வெள்ளத்துரை அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர்தான் தலைவர்.

பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு மாதம். ஆளுக்கு ஒரு மாதம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் மனைவி ஆலிஸ் பிஸ்கட் டின்னுக்குள் கை விட்டு எடுத்தாள். மே.

அது எப்படிப்பட்ட அதிர்ஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே வெந்துகொண்டிருக்கும்போது நான் கடலைப் பார்த்த வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். ராயபுரத்தில் என் பெயரே மே கஸ்பார் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனால் நாலு பேர் சுற்றி நின்றுகொண்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். நான் உடனே சொல்ல மாட்டேன். முதலில் சட்டையை உதறி, மடிப்பிலிருந்து கொஞ்சம் மணல் விழும்படி பார்த்துக்கொள்வேன். ஹென்றி என்று ஒரு ரயில்வே கார்டு, பாவம், அவருக்கு நவம்பர் விழுந்தது. மழை, சேறு, கொசு. ஒவ்வொரு டிசம்பரிலும் நான் மறக்காமல் அவரிடம் போய், "எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு வருவேன்.

அறுபத்து நாலில் கூரைக்கு வேலை வந்தது. செலவுக்குப் பணம் வேண்டி அண்ணாச்சி இன்னும் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். எனக்கு மே மாதத்தில் பாதி. இரண்டு வருஷம் கழித்துக் கிணற்றடி இடிந்தது. ஐம்பத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு வாரம். எனக்கு மே மூன்றாம் வாரம். இடிகிறதற்கு ஒன்றுமே இல்லாத அறுபத்தேழிலும் அவர் நிறுத்தவில்லை.

"அண்ணாச்சி, இதுக்கு மேல தாங்காது," என்றேன்.

"வே கஸ்பாரு, காத்து என்ன மூட்டையிலயா வருது, பங்கு போட்டா குறையதுக்கு? நாலு சனம் வந்து அனுபவிச்சிட்டுப் போகட்டும்வே," என்றார்.

நூற்று நான்கு பேர். ஒரு வாரத்துக்கு இரண்டு குடும்பம், ஒரே வீட்டில்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அண்ணாச்சி சொன்னது சரி. காற்று குறையவில்லை. மீன் குழம்பும் அதே ருசிதான். கடலும் அதே இடத்தில்தான் இருந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதுவும் குறையவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஆபீசில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் போய்விட்டு வந்திருந்தார்கள்.

என் வாரத்தில் பங்குக்கு வந்தவர்கள்தான் மாரியப்பனும் அவர் மனைவி ஜெயக்கொடியும். புளியந்தோப்பு. மாரியப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வந்த முதல் நாளே வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா சார், ஷோக்கா கீது! வூடா இது? கப்பலு மாரி கீது!" என்றார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றுப் பம்பைப் பிரித்துச் சரி செய்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். என்னுடைய பிரம்பு நாற்காலியில் விழுந்திருந்த ஓட்டையைக் கயிற்றால் பின்னிக் கொடுத்தார். அவரிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அது பெரிய சங்கடமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் மார்ச் மாதம், துறைமுகக் கேன்டீனில், லூயிஸ் என்ற புது கிளார்க் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"எண்ணூரு பக்கம் போறியாமே நீ? நம்ம மாரியப்பன் வூட்டுக்கா?" என்றான். "போன வாரத்து மெம்பருங்க ரெண்டு பேரு வரலைன்னு எங்களை இஸ்துகினு போனாரு. இன்னா காத்து, இன்னா காத்து! நீயும் அதுல மெம்பராப்பா?"

நான் டீயைக் குடித்தேன். ஆமாம் என்றேன். கோபம் வரவில்லை, சார். ஒரு கணக்கு தெளிவான மாதிரிதான் இருந்தது. ஆள் குறைய வேண்டும். ஆள் குறைய வேண்டுமென்றால் கொஞ்சம் பயம் வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே சிலுவையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்துகொண்டு எங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட விதவை. அப்பா, புருஷன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். தண்ணீரைப் பார்த்தே அதன் புத்தியைச் சொல்லிவிடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, சிவப்புத் துணி கட்டிய இரண்டு மூங்கில் கொம்புகளை நடுவாள். அந்த இரண்டுக்கும் நடுவில் குளிக்கலாம். வடக்குக் கொம்பைத் தாண்டினால் முகத்துவாரத்தின் இழுப்பு. "அந்தாண்ட கால வெச்சீங்க, கடலு இஸ்துகினு பூடும்," என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள்.

அறுபத்தெட்டு மே, மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை. சிலுவையம்மாள் எட்டு மணிப் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வடக்குக் கொம்பைப் பிடுங்கி, நாற்பது அடி எடுத்து வைத்து, வடக்கே நட்டேன். நல்ல காலை. மணலில் என் காலடிகளை ஒரு சவுக்குக் கிளையால் பெருக்கிக்கொண்டே திரும்பினேன்.

யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கில்லை. யாராவது ஒருவர் கொஞ்சம் தண்ணீர் குடித்து, அலறி, ஊரெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதரை மணியைத் தேர்ந்தெடுத்தது உண்மைதான். உப்பங்கழியிலிருந்து முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் அது. ஆலிஸ் துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, உனக்கு ஜலதோஷம், இன்றைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தேன். மாரியப்பனுக்கு டீயைக் கையில் கொடுத்து, வடக்குப் பக்கம் மணல் மெத்தென்று இருக்கிறது, அங்கே போய்க் குளியுங்கள் என்றேன். "தேங்க்ஸ் செக்ரட்டரி சார், நீ இல்லாங்காட்டி எங்களுக்கு இன்னா தெரியும்!" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். வராந்தா ஆணியில் ஆபத்துக்கென்று ஒரு கயிறு எப்போதும் தொங்கும். உப்புக்காற்றில் இற்றுப்போகிறதே என்று முந்தின நாள்தான் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

முதலில் இழுக்கப்பட்டது ஜெயக்கொடி. மாரியப்பன் நீந்திப் போய் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரைப்பக்கம் தள்ளிவிட்டார். கிரேன்காரர், கையில் நல்ல பலம். மீன்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைப் பிடிக்க ஆள் இல்லை. ஒருமுறை கையை உயர்த்தினார். கரைப்பக்கமாகத்தான் உயர்த்தினார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போட்டேன். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் அதற்குள் நேரம் கடந்திருந்தது.

மறுநாள் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் கிடைத்தார்.

கொம்பைப் பழைய இடத்தில் நட எனக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பூசையிலிருந்து வந்த சிலுவையம்மாள் கொம்பைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். மறுபடியும் கொம்பைப் பார்த்தாள். "நானா இங்க நட்டேன்?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் டம்ளரை எடுக்க வராந்தாவுக்குப் போனேன். விசாரணைக்கு வந்தவர்களிடம் அவளே போய், "என் கண்ணு மங்கிப்போச்சி சாமி, நான்தான் தப்பா நட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டாள். விபத்து என்று எழுதினார்கள். அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை நான்தான் எழுதினேன். கடுமையாக எழுதவில்லை. அவளுடைய சமையலைப் பாராட்டி இரண்டு வரி சேர்த்தேன்.

அதன்பிறகு அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புளியந்தோப்புக்கு நடந்தே போய், ஜெயக்கொடி வீட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வருகிறாளாம். ஜெயக்கொடி வேண்டாம் என்று சொல்வதில்லை. பேசுவதும் இல்லையாம்.

திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கிறிஸ்துமசுக்குள் நூற்று நான்கு முப்பத்தேழாகிவிட்டது. நான் போய்வந்த திங்கட்கிழமைகளில் ஆபீசில் மறுபடியும் ஆட்கள் கூடினார்கள். "அங்கியா போய்ட்டு வந்தே? பயமா இல்லியாப்பா?" என்று கேட்டார்கள். முன்பு இருந்ததைவிடவும் நன்றாக இருந்தது. முன்பு அதிர்ஷ்டசாலி என்று மட்டும்தான் நினைத்தார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் ஆலிஸ் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு எனக்கு ஜலதோஷமே இல்லியே?"

"இருந்தது. நீ மறந்துட்டே."

"இல்லீங்க. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

மீனை முழுவதும் கழுவி, குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறிவிட்டு, காலடிப்பேட்டையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

போன மாதம் பொதுக்குழு கூடியது. அண்ணாச்சி எழுந்து நின்றார். பக்கத்தில் ஜெயக்கொடி, வெள்ளைச் சேலையில். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

"அந்த மனுசன் இந்த வீட்டுக்குச் செஞ்சதுல கால்வாசி நாம செய்யலைவே. இனிமே மெம்பரும் வேண்டாம், வாரமும் வேண்டாம். துறைமுகத்துல வேலை பாக்க அத்தனை பேருக்கும் இந்த வீட்டை எழுதி வச்சிருவோம். யாரும் வரலாம், என்னைக்கும் வரலாம். மாரியப்பன் நினைவு இல்லம்னு போர்டு மாட்டிருவோம். என்ன சொல்லுதீய?"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். சிலர் அழுதார்கள். நானும் கையைத் தூக்கினேன். தீர்மானத்தை நான்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது ஜெயக்கொடி என்னிடம் வந்து, "உங்க பேரை அவரு அடிக்கடி சொல்வாரு சார்," என்றாள்.

துறைமுகத்தில் எத்தனை ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பேண்டு வாத்தியம் சொல்லியிருக்கிறார்கள். லாரி லாரியாக ஆள் வரப்போகிறது. போர்டை நேற்றே மாட்டிவிட்டார்கள், மஞ்சளில் சிவப்பு எழுத்து. ஸ்டேஷனில் இறங்கும்போதே தெரிகிறது.

யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். சிலுவையம்மாளுக்காக வந்தேன். அந்தப் பெண் பிள்ளை செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு பாத்திரம் கழுவுவதை என் மனசு ஏற்கவில்லை. அவள் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது போய் அவளிடம் சொல்ல வேண்டும். கொம்பை நகர்த்தியது நான். நேரம் பார்த்தது நான். கயிற்றை எடுத்தது நான். அந்தக் கை மேலே உயர்ந்தபோது அது என்னைப் பார்த்துத்தான் உயர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். மாரியப்பனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. பேப்பர்காரர்கள் எப்படியும் வருவார்கள். கொலை நடந்தது அந்த பங்களாவில்தான் என்று பேர், இடம், அடையாளம் எல்லாம் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமைப் பேப்பரிலேயே வந்துவிட்டால் நல்லது.