இருநூத்தி எண்பத்தாறு

— என்ன பெரியப்பா, காத்தாடி ஓடிக்கிட்டிருக்கு, இப்படி வேர்த்துக் கொட்டுது?

— ஒண்ணுமில்ல மதி. வாய்க்கா கரையில நடந்துட்டு இப்பதான் வந்தேன், அதான் விஷயம். குத்தாலம் ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்புனேன். நீ ஆஸ்பத்திரி மாத்திரைய வச்சிட்டுக் கெளம்பு. இன்னும் நாலு வீட்டுக்குக் கொடுக்கணும்ல.

— கை நடுங்குதே.

— பசி. வேறென்ன?

— நீ கேளும்மா, நான் சொன்னா இவருக்கு ஏறாது. நேத்து ராத்திரியும் இப்படித்தான். ஒண்ணுக்குப் போவ எழுந்திரிக்கிறேன், அது எனக்கு நாலாவது தடவ. பாத்தா பனியனெல்லாம் நனைஞ்சு கெடக்குறாரு. என்னங்கன்னா வாய் கொழறுது. நா என்னத்தக் கண்டேன், ஏதோ கனவுன்னு போத்தி விட்டுட்டுப் படுத்துட்டேன்.

— காலையில என்ன பெரியம்மா சாப்ட்டாரு?

— ரெண்டு கோதுமை தோசை, அதுவும் எண்ணெய் காட்டாம. மத்தியானமும் ஒரு கரண்டி சோறுதான் போடுவேன், மிச்சமெல்லாம் காய். நானும் அதேதான் திங்கறேன். அவருக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஒல வைக்க முடியுமா?

— மாத்திரை?

— ரெண்டு போட்டேன். சாப்பாட்டுக்கு முன்ன.

— நான் கொடுக்கறது ஒண்ணுதான பெரியப்பா?

— இன்னொண்ணு எம் மவன் சேத்தது. மெட்ராசுலேருந்து சக்கரை பாக்குற மெஷின் வாங்கி அனுப்புனான்ல இனியவன்? காலையில வர்ற நம்பர தெனம் போட்டோ எடுத்து அனுப்பிடணும். அவன் ஆபீசுக்குக் கெளம்புறதுக்குள்ள போவலன்னா போன் வந்துரும். அத அங்க யாரோ டாக்டருகிட்ட காட்டிருக்கான். ஏறிக்கிட்டே போவுதுன்னு ரெண்டாக்கிட்டாங்க. வர்ற திங்கக்கெழமைலேருந்து ஊசியாம், வயித்துல. அது வேண்டாம்னு பாக்குறேன். அதுக்குத்தான் நடையக் கூட்டிட்டேன், அதான் விஷயம்.

— மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கன்னு நான் சொன்னது?

— நடவு நேரத்துல எங்க வர்றது? அதான் வீட்டுலயே மெஷின் இருக்கே.

— சரி, இன்னைக்குக் காலையில எவ்வளவு?

— இருநூத்தி எண்பத்தாறு.

— வெறும் வயித்துலயா?

— வெறும் வயித்துலதான்.

— கைய நீட்டுங்க, நான் ஒரு தடவ பாத்துடறேன்.

— எதுக்கு? காலையிலதான் பாத்தாச்சே. ஸ்ட்ரிப்பு வீணாப் போவும்.

— இது என் மெஷின், என் ஸ்ட்ரிப்பு. நீட்டுங்க.

— ராமாயி, நீ சொல்லேன்.

— நா என்னத்தச் சொல்ல? நீட்டுங்க.

— நீட்டுறேன். ஆனா ஊசி எறங்காது மதி. நாப்பது வருஷம் மம்பட்டி புடிச்ச கண்ணுசாமி கையி இது.

— நுனியில எறங்காதுதான், காப்புக் காச்சுக் கெடக்கு. ஓரத்துல குத்தணும் பெரியப்பா. அவ்வளவுதான். ரத்தம் வந்துட்டு, பாருங்க.

— ஓரத்துலயா குத்தணும்?

— அம்பத்தெட்டு.

— என்னம்மா சொல்ற?

— அம்பத்தெட்டு பெரியம்மா. ஜீனி இருக்கா? தண்ணியில நல்லா போட்டுக் கலக்கிக் கொண்டாங்க, சீக்கிரம். பெரியப்பா, விரல எடுக்காதீங்க, உங்க மெஷின்லயும் ஒரு சொட்டு வச்சிடறேன். அறுபது. மெஷின் நல்லாத்தான் இருக்கு.

— இந்தாம்மா. பயத்துல அளவு தெரியல, சொம்பு நெறைய கலக்கிட்டேன்.

— சக்கரைக்காரனுக்கு ஜீனித் தண்ணியா? நாலு மாசமா வாயக் கட்டுனதெல்லாம் என்னாவறது?

— உங்களுக்கு இப்ப சக்கரை அளவுக்கு மீறி எறங்கிக் கெடக்கு. இன்னும் எறங்குனா மயங்கி விழுந்துருவீங்க. வாய்க்கால்ல இன்னைக்குத் தண்ணி கரை தட்டிப் போவுது, அங்க விழுந்திருந்தா யாரு பாத்திருப்பா? குடிங்க. பாதி போதும்.

— ம்.

— இப்ப சொல்லுங்க. மூணு மணி நேரத்துல இருநூத்தி எண்பத்தாறு எப்படி அம்பத்தெட்டாச்சு? அங்க யாரு கைய முந்தானைக்குள்ள மறைக்கறது? பெரியம்மா, அந்தக் கையக் காட்டுங்க. பெரியப்பா விரல்ல நான் குத்துனது ஒண்ணுதான் இருக்கு. உங்க விரல்ல எப்படி இத்தன புள்ளி?

— சொல்லிடறேங்க, மறைச்சு என்ன ஆவப்போவுது. மொத நாளு இவரு விரல்லதாம்மா குத்துனோம். எறங்கல. நாலு ஸ்ட்ரிப்பு போச்சு, ஒண்ணுலயும் நம்பரு வரல. அங்க தம்பி போன் மேல போன். சரின்னு என் விரல்ல ஒரு குத்து குத்துனேன், பொட்டுன்னு வந்துட்டு. அத அனுப்பிட்டோம். அன்னையிலேருந்து அதான் பழக்கம்.

— நாலு மாசமாவா?

— நாந்தான் செய்யச் சொன்னேன் மதி. திட்டுறதுன்னா என்னத் திட்டு. ரெண்டு பேரும் ஒரே பானைச் சோறு திங்கறோம், ஒரே கரையில நடக்குறோம். ரத்தத்துல மட்டும் என்ன வித்தியாசம் வந்துடப் போவுதுன்னு நெனச்சிட்டேன், அதான் விஷயம். அட, நடுக்கம் கொறஞ்சிட்டே.

— பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி குத்துவேன், ஓடிடாதீங்க. தம்பிகிட்ட நானே பேசிக்கறேன். ஆட்டோ சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரெண்டு பேரும் வரணும்.

— நான் எதுக்கும்மா? போட்டது போட்டபடி கெடக்கு வீடு.

— பெரியம்மா, சோறு ஒரே பானை, சரி. நடை ஒரே கரை, அதுவும் சரி. மாத்திரை?

— நல்லா கேட்ட போ. எனக்கு எதுக்கு மாத்திரை? சக்கரை அவருக்குத்தான? அந்தச் சொம்ப இப்படிக் கொடு. பாதிக்கு மேல கெடக்கு, ஜீனி போட்டத கீழ ஊத்துவானேன்? காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாலும் எனக்கு நாக்கு வறளுது, நான் குடிச்சுக்கறேன்.