எந்தப் பிள்ளை?

நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சைன்னா இன்னைக்கு உங்க முகமெல்லாம் இப்படித்தான் வெளிறிக் கிடக்கும்னு வர்ற வழியிலேயே சொன்னேன். உங்க டியூசன் சார் தணிகைவேல் என் அக்கா மகன்தான், அவரையே கேளுங்க. நீளமான வாக்கியத்துல அட்ஜெக்டிவ் கிளாஸ், அதாவது எந்த ஆளு, எந்தப் பொருள்னு சொல்ற துணை வாக்கியம், எதுன்னு கண்டுபிடிக்கத் தெரியலையாம். உங்க பயத்தைவிட நான் பழனியில பட்ட பயம் பெருசு. கொஞ்சம் கேளுங்க, சின்னக் கதைதான்.

தைப்பூசக் கூட்டம். அடிவாரத்துல அறிவிப்பு மைக் என் கையில. 'இன்னைக்கு ஒரு பிள்ளை தொலையும்'னு காலையிலேயே சொன்னேன்... தொலைஞ்சுது. தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்த கோகிலாம்மா, தமிழ் ஒரு வார்த்தை வராது. மைக்கைப் பாத்து ஓடி வந்து, "மை டாட்டர்... மை டாட்டர்..."

"என்னம்மா அடையாளம்?"னு இங்கிலீஷ்ல கேட்டேன். என் இங்கிலீஷை வெள்ளைக்காரனே நின்னு கேப்பான்.

"த கேர்ள் ஹூ ஹேஸ் எ ஷேவன் ஹெட்."

மொட்டை போட்ட பெண்பிள்ளை. அப்படியே மைக்ல சொன்னேன். பழனியில நின்னுக்கிட்டு மொட்டை போட்ட பிள்ளைன்னா என்னய்யா ஆகும்? ஆளாளுக்கு ஒரு மொட்டையத் தூக்கிட்டு ஓடி வர்றான். ஒரு மடையன் பையனையே தூக்கிட்டு வந்து நிக்கிறான். பின்னாலயே பெத்தவ கத்திட்டு வர்றா, "எம்பிள்ளைய எங்கடா தூக்கிட்டுப் போற?" கோகிலாம்மா ஒவ்வொரு சந்தன மொட்டையா முகத்தைத் திருப்பிப் பாக்குது... இது இல்ல. இதுவும் இல்ல. அந்தப் பக்கம் பஸ் ரோடு. இந்தப் பக்கம் குளம். எனக்குக் கை வேர்த்து மைக் வழுக்குது.

"அம்மா, மொட்டை எல்லாருக்கும் இருக்கு. எந்தப் பிள்ளை? உங்க பிள்ளைகிட்ட மட்டும் இருக்கறது என்ன?"ன்னு மறுபடியும் இங்கிலீஷ்ல கேட்டேன்.

அந்தம்மா குனிஞ்சு தன் கையைப் பாத்துது. வார் அறுந்துதுன்னு மக கால்ல இருந்து கழட்டின ஒத்தைச் சிவப்பு ஷூ... அவ்வளவு நேரமும் அதைத்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கு.

"த கேர்ள் ஹூ இஸ் வேரிங் ஒன் ரெட் ஷூ..."

மைக்ல சொல்லி முடிக்கல, ஒரு கடைக்காரர் தூக்கிட்டு வந்துட்டாரு. பிள்ளை வாயெல்லாம் பஞ்சாமிர்தம். அந்தம்மா பிள்ளையை வாரி அணைச்சுக்கிட்டு அழுதுது.

நாளைக்குப் பேப்பர்ல 'த கேர்ள்'னு பாத்தா பதறாதீங்க. 'எந்தக் கேர்ள்?'னு கேளுங்க. 'ஒத்தைச் சிவப்பு ஷூ போட்டிருக்கிற'ன்னு பக்கத்துலயே நின்னு ஒரு வாக்கியத் துண்டு பதில் சொல்லும். அதுக்குக் கோடு போடுங்க. அதுதான் நீங்க தேடறது.

என்ன மாப்பிள்ளை முறைக்கிறீங்க?... உங்க சாரும் அன்னைக்குக் கூட வந்தவருங்க. சரி, சொல்லிடறேன். மைக் என் கையில இல்ல. கூட்டத்துல நான் எந்த ஆளுன்னு கேளுங்க...

பையனைத் தூக்கிட்டு வந்த ஆளு.