கணக்கை மீறி வளர்ந்தவை

பரளச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"பொறந்த கொஞ்ச நாள்லயே அவ்வளவு பெருசா இருக்கக் கூடாதாம், மதினி."

"யாரு பிள்ளையச் சொல்லுற?"

"பிள்ளையில்ல, கேலக்ஸி. கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்த கூட்டம். நம்ம செல்வி பெங்களூர்ல அதத்தான ஆராய்ச்சி பண்ணுறா. பிரபஞ்சம் உண்டான புதுசுல எல்லாம் சின்னதாத்தான் இருந்திருக்கும்னு கணக்குப் போட்டிருந்தாக. புதுசா வானத்துக்கு விட்ட டெலஸ்கோப்புல அந்தக் காலத்து வெளிச்சத்தப் பாத்தா, அப்பவே பெருசு பெருசா நிக்குதாம்."

"அப்ப இவ போட்ட கணக்கு?"

"தப்பாப் போச்சாம். முதல்ல இருந்து போடணுமாம்."

"அடப் பாவமே, அழுதாளா?"

"அழுவான்னுதான் நானும் பயந்தேன். சிரிக்கிறா மதினி. 'ஏன்னு யாருக்குமே தெரியலம்மா, அதான் நல்லாருக்கு'ங்கறா."

மதினி சற்று நேரம் வெளியே காய்ந்து கிடந்த கரிசலைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரவுக நாளைக்குப் பதில் கேப்பாகளே. அதச் சொன்னியா?"

"சொல்லத்தான் போன் போட்டேன். அவுகப்பா தவறிப் போனதுக்கப்புறம் அவ சிரிச்சு இன்னைக்குத்தான் கேட்டேன். சொல்லாமலே போன வச்சுட்டேன்."

பிறகு மதினி சொன்னார்.

"அவுககிட்ட நான் பேசிக்கிறேன். நீ அவளக் கூப்பிடாத, கணக்கப் போடட்டும்."