சீப்புக்குக் கிடைத்த முதல் கட்டு

அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம், ஐயா. அதற்கு ஒரு கால் ஆடும். எங்கள் கட்சியின் தலைமை அலுவலகத்தில் இருப்பவை இரண்டே நாற்காலிகள். ஆடுவது தலைவருடையது, ஆடாதது செயலாளராகிய என்னுடையது. நீங்கள் என்னுடையதில் உட்காருங்கள். நான் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறேன், பழக்கம்தான். கீழே சைக்கிள் கடையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கால்வாய்ப் பாலம் விழுந்ததைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். பாலத்தைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுக்கள் ஒன்பதும் அந்தப் பச்சைக் கோப்பில் இருக்கின்றன. தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் "வேற ஏதாவது தெரியுமா" என்று கேட்டீர்களே, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். போன வருடத்து வாக்கு எண்ணிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். பாலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீங்கள் பொறுமையாகக் கேட்பவராகத் தெரிவதால் சொல்கிறேன்.

எங்கள் கட்சிக்கு இருபத்து மூன்று வயது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். பொதுக்குழுவுக்கு, மழை இல்லாவிட்டால், பதினோரு பேர் வருவார்கள். சின்னம் சீப்பு. தலைவருக்குச் சீப்பு தேவைப்பட்டு முப்பது வருடமாகிறது என்பதை எங்கள் எதிரிகள் மேடைதோறும் சொல்வார்கள். எங்களுக்கும் சிரிப்புதான் வரும். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒவ்வொரு தேர்தல் முடிவு வந்ததும் இந்த அறையில் எழுந்து நின்று கணக்குச் சொல்வார்.

"போன தடவை எழுபத்தொண்ணு. இந்தத் தடவை தொண்ணூத்தி மூணு. முப்பத்தோரு சதவீத வளர்ச்சி. எந்தப் பெரிய கட்சிக்காரனாவது இப்படிச் சொல்ல முடியுமா, சொல்லுங்க பாப்போம்."

கை தட்டுவோம். டெபாசிட் போனதைப் பற்றி யாரும் பேச மாட்டோம். சின்னக் கட்சியில் இருப்பதன் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கொடுத்த வாக்குறுதியை ஏன் காப்பாற்றவில்லை என்று எங்களை யாரும் கேட்க முடியாது. பெரிய கட்சியின் ஒப்பந்தக்காரர், அவர்தான் எப்போதும் ஜெயிப்பவர், வழியில் பார்த்தால் என் தோளில் கை போடுவார்.

"என்ன செயலாளரே, ஆட்சி எப்போ அமைக்கிறீங்க?"

"நாள் பாத்துக்கிட்டிருக்கோம்" என்பேன். டீ வாங்கிக் கொடுப்பார்.

இடைத்தேர்தல்களையும் சேர்த்து வார்டு தேர்தலில் ஆறு முறை நின்றவன் நான். வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் நின்றேன், ஆசைப்பட்டு இல்லை. எண்ணிக்கை அன்று என் முகவரும் நானேதான். பெரிய கட்சிகளுக்கு ஆள் மாற்றி ஆள் வருவார்கள். நான் காலையிலிருந்து மாலை வரை கம்பி வலைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, எனக்கு விழும் ஒவ்வொரு சீட்டையும் கண்ணால் பின்தொடர்வேன். தொண்ணூற்று மூன்றையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஏழாவது முறை என் மனைவியின் தங்கை நின்றாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற மருத்துவமனையில் நர்ஸ். அந்த இரும்பு நடைபாலத்தைத் தினமும் இரண்டு முறை கடப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று சொன்னாள்.

"அத்தான், ஒம்பது மனு எழுதிட்டீங்க. பத்தாவது எழுதாதீங்க. நான் நிக்கிறேன். அந்தப் பாலம் யார் தலையிலயாவது முடியறதுக்குள்ள மாத்தியாகணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவளுடைய வேட்புமனுவை என் கையால்தான் நிரப்பினேன். முன்மொழிய ஆள் பிடித்ததும் நான்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

அவளுக்கு ஓட்டுக் கேட்கவே தெரியாது. வீடு வீடாகப் போய் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி என்று கேட்டுவிட்டு வந்தாள். பெண்களைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய், கைப்பிடியை ஆட்டிக் காட்டினாள். துரு அவர்கள் உள்ளங்கையில் ஒட்டியது. நான் ஆறு தேர்தலில் பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு கைப்பிடிக்கு உறை போடக் காணாது. மூன்றே வாரத்தில் அவள் பெயர் "பால அக்கா" ஆகிவிட்டது. ஆறு முறை நான் கும்பிட்ட தெருவில் ஒரு கடைக்காரர் என்னை நிறுத்தி, "நீங்க பால அக்காவோட அத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. என் மனைவி வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எண்ணிக்கை அன்று அவளுக்கு முகவராக நான் உட்கார்ந்தேன். எங்கள் வார்டுக்கு ஒரே மேசை. எண்ணுகிறவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஏழு தேர்தலாக அவரேதான். சீட்டுகளைப் பிரித்து, ஐம்பது சேர்ந்ததும் ரப்பர் வளையம் போட்டு, அந்தந்த வேட்பாளர் தட்டில் வைப்பார். கடைசியில் கட்டுகளை எண்ணி, மீதி உதிரிகளைக் கூட்டுவார்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, சீப்புக்கு அதுவரை கட்டு விழுந்ததே இல்லை. எனக்கு எழுபத்தொன்றும் தொண்ணூற்று மூன்றும் விழுந்த வருடங்களில்கூட மதிய உணவுக்குப் போகிற அவசரத்தில் எல்லாவற்றையும் உதிரியாகவே எண்ணிவிட்டார்கள். சீப்புத் தட்டு என்றால் உதிரித் தட்டு. ரப்பர் வளையம் போட்டது என்றால் அது பெரியவர்களுடையது. ஆசிரியையின் கைக்கு அது ஊறிப்போயிருந்தது.

அன்றைக்குச் சீப்புக்கு விழுந்த முதல் ஐம்பதைக் கட்டினார். வளையம் போட்டார். அவர் கை, தானாக, ஒப்பந்தக்காரர் தட்டுக்குப் போய் அதை வைத்துவிட்டு வந்தது. அடுத்த கட்டிலிருந்து சுதாரித்துக்கொண்டு சரியாக வைத்தார். முதல் கட்டு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஒப்பந்தக்காரரின் முகவர் அப்போது போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கட்சியின் முகவருக்குக் கொட்டாவி. பார்த்தவன் நான் ஒருவன்.

முதலில் சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, ஒரு கட்டுதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கடைசியில் ஒப்பந்தக்காரர் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, சீப்பு ஆயிரத்து முந்நூற்று எழுபத்து நான்கு என்று படித்தார்கள். முப்பத்தெட்டு வித்தியாசம். அந்தக் கட்டை இடம் மாற்றிப் பாருங்கள். சீப்பு அறுபத்திரண்டு ஓட்டில் ஜெயிக்கிறது. கணக்கு வாத்தியாரின் கட்சியில் இருபத்து மூன்று வருடம் இருந்தவன், எனக்கு அது படிக்கும்போதே தெரிந்தது.

தேர்தல் அதிகாரி மறு எண்ணிக்கை வேண்டுமா என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஆட்சேபணை இல்லை என்கிற தாளில் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், மனுக்களில் பார்ப்பீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். கட்சியின் நன்மைக்காகத்தான். ஜெயித்த சின்னக் கட்சி உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை. மறுநாளே பதவிக்கு அடித்துக்கொள்வார்கள், பதினான்கு பேர் ஏழும் ஏழுமாகப் பிரிவார்கள், பெரிய கட்சி ஒரு பக்கத்தை விழுங்கிவிடும். தலைவர் எழுந்து நின்று சதவீதம் சொல்ல இடம் இருக்காது. அவளுக்கும் வேலை, வீடு, தகப்பன் இல்லாத குழந்தை என்று ஆயிரம். அவளைக் காப்பாற்றினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆறு முறை நின்றவன் நான், முதல் முறை நின்றவள் அவள் என்பதெல்லாம் என் மனதில் வரவே இல்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சோர்ந்து போயிருப்பதைப் பார்த்து அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க அத்தான். வேற யார் உக்காந்திருந்தாலும் திரும்ப எண்ணச் சொல்லியிருப்பேன். நீங்க பாத்த எண்ணிக்கைல போய் சந்தேகப்படுவேனா?"

அதைக் கேட்டபோது மனசு கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி, தங்கை தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாலத்தை ஒப்பந்தக்காரர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பத்து வாரத்துக்கு முன்னால் மூன்று நாள் மழை விட்ட காலையில், அவள் வேலை முடிந்து அந்தப் பாலத்தில் வந்துகொண்டிருந்தாள். நடுத் தகடு விட்டது. முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பால்காரர் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். அவளை மதகுப் பக்கம் எடுத்தார்கள். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். குழந்தை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்றாவது படிக்கிறாள், என்னைப் பெரியப்பா என்கிறாள். சாப்பாடு ஊட்டுவது என் மனைவிதான், அந்த நேரத்தில் எனக்கு இங்கே ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

ஊர் பொறுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் பதவி விலகிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இடைத்தேர்தல், மறுநாள் எண்ணிக்கை. கட்சியில் ஒருமனதாக என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நான் மறுத்துப் பார்த்தேன். என் மனைவிதான் அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க நிக்கணும்னுதாங்க அவ ஆசைப்பட்டிருப்பா." சுவரொட்டியில் மேலே அவள் படம், கீழே நான், நடுவில் சீப்பு. தெருவில் நடந்தால் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். தலைவர் கணக்குப் போட்டுவிட்டார். இரண்டாயிரம் தாண்டும் என்கிறார். சின்னக் கட்சி ஜெயித்தால் கெட்டுவிடும் என்றேனே, அது பொதுவாகச் சொன்னது. அனுபவசாலி ஒருவர் ஜெயித்தால் அந்த ஆபத்து கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா. சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். திங்கட்கிழமைக்குப் பிறகு மேலே அனுப்பினால் உதவியாக இருக்கும். எனக்கு இப்போது இருக்கிற கவலை ஒன்றே ஒன்றுதான், ஐயா: எண்ணிக்கை அன்று எனக்காக அந்த மேசையில் உட்கார நம்பிக்கையான ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.