அடுப்பங்கரைச் சுவரும் நைகாகாவின் மூச்சும்

இந்த விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பள்ளிக்குழுத் தலைவர் பலிகோவா ஐயா அவர்களே! நம் ஜிஞ்சா ஊர் வெயிலைத் துச்சமென மதித்து முன்வரிசையை நிறைத்திருக்கும் குலப் பெரியவர்களே! சுகாதார நிலையத்தின் சுடரொளியாம் நர்ஸ் முடேசி அவர்களே! முதுகில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு இந்த மேட்டை ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! வாயெல்லாம் மாம்பழமும் வயிறெல்லாம் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் தலைமையாசிரியை நமுகோசேயின் தலை தாழ்ந்த வணக்கம்.

பின்னால் 'வெற்றி விழா' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறீர்கள். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் வெற்றியைப் பாட வந்தவள் தான் பட்ட வெட்கத்தையும் பாட வேண்டும் அல்லவா? பாடுகிறேன், கேளுங்கள்.

நாலாம் வகுப்பில் நைகாகா என்றொரு சிறுமி. பத்து வயது. ஆஸ்துமா. குளிர் ஏறினால் நெஞ்சு கட்டும், இளைக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'குளிர்தானே இந்தக் குழந்தைக்கு எதிரி? கதகதப்பான இடத்தில் உட்காரட்டும்' என்று அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார வைத்தேன். அன்பினால் செய்தேன்! ஓடினால் இளைக்குமே என்று விளையாட்டை நிறுத்தி, அதற்குப் பதிலாக வகுப்பைப் பெருக்கும் வேலையைக் கொடுத்தேன். அதுவும் அன்பினால் செய்தேன்! அவள் அம்மா கொடுத்துவிட்ட இன்ஹேலரை, 'மருந்து பிள்ளைகள் கையில் இருக்கலாமா?' என்று வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஐயோ, அதுவும் அன்பினால்தான் செய்தேன்!

புகைக்குப் பக்கத்தில் இருக்கை, புழுதிக்கு நடுவில் வேலை, பூட்டுக்குப் பின்னால் மருந்து. பகைவன்கூட இப்படித் திட்டம் போடமாட்டான், பெரியோர்களே!

துடைப்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிள்ளைக்கு இரண்டு துடைப்பம் கொண்டுவரச் சொல்லிப் பட்டியல் கொடுத்தவள் நான். எழுநூறு பிள்ளைகள், ஆயிரத்து நானூறு துடைப்பங்கள்! காலை ஏழு மணிக்கு எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் வறட் வறட்டென்று பெருக்கினால் எழும் புழுதியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. 'ஆகா, என்ன சுத்தமான பள்ளி!' என்று அதை வாசலில் நின்று ரசித்தவளும் நான்தான்.

(என்ன, அங்கே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு நீங்களும்தான் என்னோடு சேர்ந்து ரசித்தீர்கள்.)

பிப்ரவரி மாதம். மழை இல்லாத நாட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை நான் மாவட்டக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். கைப்பையும் போய்விட்டது, பைக்குள் சாவியும் போய்விட்டது. நைகாகா காலையில் பெருக்கினாள். பத்து மணிக்குச் சமையல்காரர் கிருண்டா ஈர விறகை அடுப்பில் திணித்தார். பத்தரைக்கு நைகாகா பெஞ்சிலிருந்து கீழே சரிந்தாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. இசபிரியே ஆசிரியர் தோட்டத்து மண்வெட்டியை எடுத்து என் அலமாரிக் கதவைப் பிளந்து மருந்தை எடுத்தார். அதை இழுக்க வைத்துவிட்டு, அவளை வாடகை பைக்கில் அள்ளிப்போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறந்தார். அந்த மண்வெட்டி ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால்?

"கதவை இன்னும் சரி பண்ணலியே மேடம்!" என்று அங்கிருந்து ஒரு குரல் வருகிறது. பண்ணமாட்டேன் ஐயா! நான் அந்த அறையில் இருக்கும்வரை அந்த உடைந்த கதவு என் கண்ணெதிரே தொங்கட்டும்.

மாலையில் சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்ததும் என்ன கேட்டாள் தெரியுமா?

"மேடம், கடைசி வரிசையைப் பெருக்காமலே விட்டுட்டேன். திட்டுவீங்களா?"

தாய்மார்களே, அந்தக் கேள்வியைக் கேட்டபின் நான் எப்படித் தூங்குவேன்?

அவள் அம்மா காகோயா வெளியே நின்றுகொண்டிருந்தாள். என்னை எப்போது கண்டாலும் நம் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொல்லும் பெண், அன்று நிமிர்ந்து நின்றபடியே பேசினாள்.

"நல்ல பிள்ளையா ஒங்க கையில குடுத்தேன். பொணமாத் திருப்பித் தரப் பாத்தீங்களே மேடம்!"

"தப்பு என்னோடதுதான் காகோயாம்மா. வருஷக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க."

"குடுக்கிறேன். ஆனா இன்னும் ஒரே ஒரு தடவை எம்பொண்ண யாராவது தூக்கிக்கிட்டு ஓடுனாலும், புத்தகத்தை அடுப்புல போட்டுட்டுக் கமுலியில என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அதுதான் பந்தயம். ஒரு பெண்ணின் படிப்பு ஒரு பக்கம், என் பள்ளியின் காற்று மறுபக்கம்.

நர்ஸ் முடேசி வந்தார். அடுப்பங்கரைச் சுவரோரம் ஒரு காலை முழுவதும் நைகாகாவின் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"நோய் பாதிதான் பிள்ளைக்கிட்ட இருக்கு மேடம். மீதி இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யார்? நம் கிருண்டா! எழுந்து நில்லுங்கள் கிருண்டா, வெட்கப்படாதீர்கள். புகையில்லாத புது அடுப்பைத் தள்ளிக் கட்டலாம் என்றபோது அன்று என்ன சொன்னீர்கள்?

"புகை இல்லாம போஷோவா, சோளமாவுக் களியா? பிள்ளைங்க வாயில வைக்குமா? இருவத்திரண்டு வருஷமா இந்தப் புகையில நிக்கிறேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்று கேட்டுவிட்டு, மனிதர் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இருமினார்!

(கை தட்டுங்கள், கை தட்டுங்கள். அவரே சிரிக்கிறார்.)

அந்த இருமல் நின்றதும் அவரே கேட்டார்: "சரி, செங்கல்லு யார் தருவா?"

செங்கல் யார் தந்தார்கள்? நீங்கள் தந்தீர்கள்! புற்றுமண் யார் குழைத்தார்கள்? நீங்கள் குழைத்தீர்கள்! ஏரிக்காற்று பள்ளியைத் தாண்டிய பிறகே அடுப்பைத் தொடும்படி, ஏரிக்கு எதிர்ப்புறச் சரிவின் கீழ்க்கோடியில் புகைபோக்கி வைத்த புதுச் சமையற்கட்டை எழுப்பியது யார்? நீங்கள், நீங்கள், நீங்களேதான்! துடைப்பப் பட்டியலை நான் கிழித்தெறிந்தேன். இன்று தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் கழிப்பறைக்குப் பின்னால் எரித்த குப்பை இப்போது குழியில் உரமாகிறது. இன்ஹேலர் நைகாகாவின் சட்டைப்பையில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் போடும் மருந்தை அவள் அம்மா ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. தண்ணீர் பாட்டிலின் அடியில் துளையிட்டு, அதில் இன்ஹேலரைச் செருகி, வாய்ப்பக்கமாக மெல்ல மெல்ல மூச்சிழுக்க வைக்க இங்கே பன்னிரண்டு ஆசிரியர்களுக்கும் தெரியும். ஏன், கிருண்டாவுக்கும் தெரியும்!

ஜூனில் ஒரு நாள் அவளுக்கு இளைத்தது. தானே மருந்தை எடுத்தாள், தானே இழுத்தாள், இசபிரியே ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் கணக்குப் பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். யாரும் அவளைத் தூக்கவில்லை, யாரும் ஓடவில்லை. ஓடியவள் அவள்தான், அதுவும் செப்டம்பரில், விளையாட்டுத் திடலில், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து! ஏழாவதாக வந்தாள். ஏழாவது என்றால் கேவலமா? எனக்கு அது தங்கப் பதக்கம்!

போன திங்கட்கிழமை காகோயா என் அறை வாசலுக்கு வந்தாள். வருஷக் கடைசி அல்லவா? சொன்ன கெடு முடிந்துவிட்டதே! 'பெண்ணை அழைத்துப் போகத்தான் வந்தாளோ?' என்று பயந்தேன். அவள் உடை நுனியைப் பிடித்தபடி இன்னொரு சின்னஞ்சிறுசு எட்டிப் பார்த்தது. நைகாகாவின் தங்கை நங்கோபி. காகோயா அதை முன்னால் தள்ளிவிட்டாள்.

"இவளுக்கும் அக்காவோட நெஞ்சுதான் மேடம். படுத்தா விசில் அடிக்குது. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே மூணு பள்ளிக்கூடம் இருக்கு, ஒவ்வொண்ணாப் போய் அடுப்பு எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்தேன். இவளை இங்கதான் விடப்போறேன்."

பெரியோர்களே! தாய்மார்களே! ஒரு முறை தன் மகளை நம்மிடம் இழக்கப் பார்த்த தாய், இரண்டாவது மகளையும் நம் கையில் கொடுத்திருக்கிறாள்! இதற்குமேல் எனக்கு எந்த விருது வேண்டும்?

செங்கல் சுமந்த தோள்களுக்கு நன்றி. நர்ஸ் முடேசிக்கு நன்றி. கிருண்டாவின் இருமலுக்கும் நன்றி. தலைவர் ஐயா, கடிகாரத்தை இனி நீங்கள் பையில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஏரிக்காற்றை எல்லாரும் நெஞ்சு நிறைய ஒரு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு தயார், வணக்கம்!